கடல் கடந்து வாழ்வோரும் மகவேற்பும்: வாசகர் கேள்வி பதில்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களுள் ஐந்து கடிதங்கள் ஒரே அலுவலைப் பற்றியவையாக இருந்தன. வெளிநாட்டில் வசித்துக்கொண்டு, ஊரிலுள்ள ஒரு பிள்ளையைச் சட்டப்படி தம் பிள்ளையாக்கிக் கொள்வது எப்படி என்பதுதான் அவற்றின் சாரம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நன்னடத்தை உத்தியோகத்தராக 26 ஆண்டுகள் கடமையாற்றியவள் என்பதால், இவ்வைந்தையும் ஒரே இதழில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. சட்டப் புத்தகத்தில் இதற்கு மகவேற்பு என்று பெயர். ஊரில் தத்தெடுத்தல் என்றும் பிள்ளை எடுத்து வளர்த்தல் என்றும் சொல்வோம். எடுத்து வளர்ப்பது வேறு, மகவேற்பது வேறு என்பதை இரண்டாவது கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

*

மதிப்பிற்குரிய அம்மா, நாங்கள் களுவாஞ்சிகுடியைப் பிறப்பிடமாகக் கொண்டவர்கள். 2003 ஆம் ஆண்டு முதல் லண்டனில் வசிக்கிறோம், இருவரும் பிரித்தானியப் பிரசைகள். எனக்கு 41 வயது, கணவருக்கு 45. திருமணமாகி 14 ஆண்டுகளாகியும் பிள்ளைப் பாக்கியம் இல்லை. சென்ற ஆடி மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு சிறுவர் இல்லத்தில் அன்னதானம் கொடுத்தோம். அங்கே இரண்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்று என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. அறிந்த ஒருவர், 25 இலட்சம் ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் பத்திரங்களை முடித்துப் பிள்ளையை விமானம் ஏற்றித் தரலாம் என்கிறார். நாங்கள் இந்த மண்ணின் பிள்ளைகள்தானே, வெள்ளைக்காரருக்குள்ள சட்டம் எங்களுக்கும் பொருந்துமா?

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மகள். பொருந்தும். இவ்விடயத்தில் சட்டம் உங்கள் இரத்தத்தையோ, மொழியையோ, பிறந்த ஊரையோ பார்ப்பதில்லை. நீங்கள் வழமையாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. நாடுகளுக்கு இடையிலான மகவேற்புக்கான ஹேக் சமவாயம் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 1993 மே 29 ஆம் திகதி உருவானது. அதை முதலில் ஏற்று உறுதிப்படுத்திய மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. மெக்சிக்கோவும் ருமேனியாவும் மற்ற இரண்டு. 1995 மே 1 ஆம் திகதி சமவாயம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பிள்ளை ஒரு நாட்டிலும் பெற்றோராக விரும்புவோர் வேறொரு நாட்டிலும் வழமையாக வசிப்பார்களாயின், அது நாடுகளுக்கு இடையிலான மகவேற்பு. நீங்கள் இலங்கைக் கடவுச்சீட்டை இன்னும் வைத்திருந்தாலும் இதே பதில்தான்.

ஆகவே உங்கள் அலுவல் தொடங்கும் இடம் களுவாஞ்சிகுடியும் அல்ல, கொழும்பும் அல்ல. நீங்கள் வரி கட்டும் அந்த லண்டன் மாநகரப் பகுதியின் உள்ளூராட்சி நிர்வாகத்திடமோ, வெளிநாட்டு மகவேற்புக்கு அனுமதி பெற்ற ஒரு முகவர் நிறுவனத்திடமோதான் முதல் விண்ணப்பம் செல்ல வேண்டும். அவர்களுடைய சமூக சேவை உத்தியோகத்தர் உங்கள் வீட்டுக்குப் பலமுறை வருவார். வருமானம், உடல்நலம், பொலிஸ் பதிவு, வீட்டில் எத்தனை அறை என்பவற்றோடு நின்றுவிடாமல், பிள்ளை இல்லாத துயரத்தை நீங்கள் இருவரும் எப்படித் தாங்கினீர்கள், உங்களுக்குள் சண்டை வந்தால் யார் முதலில் கதைப்பீர்கள் என்பது வரை கேட்பார். எங்கள் ஆட்களுக்கு இது அவமானமாகப் படுவதுண்டு. இதே கேள்விகளை இந்த ஊர் வீடுகளில் கேட்டுத் திரிந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் நோகாமல் உண்மையைச் சொல்லுங்கள். குறையில்லாத வீட்டைத் தேடி அவர்கள் வருவதில்லை, குறையை மறைக்காத வீட்டைத்தான் தேடுகிறார்கள்.

அந்த அறிக்கையில் நீங்கள் தகுதியானவர்கள் என்று முடிவானால், கோப்பு, சமவாயப்படி இதற்குப் பொறுப்பான பிரித்தானிய மத்திய அதிகாரியின் வழியே பத்தரமுல்லையில் உள்ள நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் ஆணையாளரிடம் வரும். இலங்கைச் சட்டம் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டமாகும். 1992 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தம் வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. மகவேற்போர் 25 வயதைக் கடந்தவர்களாகவும் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவர்களாகவும் இருக்க வேண்டும், பிள்ளை 14 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வயதைப் பொறுத்தவரை உங்களுக்குத் தடை இல்லை.

இனி அந்தப் பெண் பிள்ளை. இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. சிறுவர் இல்லத்தில் கண்ட பிள்ளையை நீங்கள் தெரிவுசெய்ய முடியாது. வெளிநாட்டில் வசிப்போருக்கு எந்தப் பிள்ளை என்பதை ஆணையாளரே தீர்மானிப்பார். அதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு இலங்கைக்குள்ளேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்த்திருக்க வேண்டும் என்பது சமவாயத்தின் விதி. அது மட்டுமல்ல. எங்கள் பகுதிச் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையோ, தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குச் சென்றதோ, தந்தையின் மறுமணமோ அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். ஓர் இல்லத்துக்கு நான் மாதந்தோறும் செல்வதுண்டு. ஆறு வயதுப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அலுவலக அறையின் தொலைபேசிக்குப் பக்கத்தில் உள்ள வாங்கில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குவைத்திலிருந்து தாயின் அழைப்பு சில ஞாயிறுகளில் வரும், பல ஞாயிறுகளில் வராது. அன்னதானம் கொடுக்க வந்தவர்கள் எத்தனையோ பேர் அவனைத் தூக்கிக் கொஞ்சி, இவனைத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் யாருக்கும் தரப்பட வேண்டிய பிள்ளையாக இருக்கவில்லை, அழைப்புக்காகக் காத்திருந்த பிள்ளை. உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்த சின்னவளும் யாருக்காகவோ காத்திருக்கக் கூடும். அது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. விசாரித்து அறியும் கடமை சட்டப்படி ஒருவருக்கு இருக்கிறது, அவர் அதைச் செய்து முடிக்கும் வரை பொறுக்கத்தான் வேண்டும்.

கல்முனையில் நடந்ததை நீங்கள் லண்டனில் இருந்தபடி கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு கைக்குழந்தை, அன்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 81 ஆவது ஆள் என்பதால் அந்த இலக்கத்தாலேயே உலகெங்கும் அறியப்பட்டது. தம் பிள்ளை என்று உரிமை கோரிய பெற்றோரிடம் உடனே கொடுக்காமல், நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பியது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்த பிறகே பிள்ளை தாயின் கைக்குப் போனது. பெற்ற தாய் ஏழு வாரம் வைத்தியசாலை வாசலில் நின்று கதறியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அந்த வாரங்களில் இக்கரையோரம் முழுவதும் யார் பிள்ளை யாருடையது என்று தெரியாத நிலை இருந்தது. பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை மகவேற்க அரசாங்கம் அன்று அனுமதிக்காததும் அதனால்தான்.

25 இலட்சம் கேட்பவரைப் பற்றி: அவரோடு இனிக் கதைக்க வேண்டாம். மகவேற்புக்காக நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பணமோ வெகுமதியோ கொடுப்பதும் வாங்குவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. பிறக்கப் போகும் பிள்ளைக்காகக் கர்ப்பிணியிடம் காசு கொடுத்துச் சம்மதம் எழுதி வாங்குவதும், பிறப்புப் பதிவைப் பொய்யாக்குவதும், வேறொரு பெண்ணைத் தாயென்று நிறுத்துவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 360 சி பிரிவின்படி ஆட்கடத்தல் குற்றங்கள். குழந்தை சம்பந்தப்பட்டதாயின் சிறைத்தண்டனை 3 ஆண்டுகள் முதல் 20 ஆண்டுகள் வரை செல்லலாம். நீங்கள் வசிக்கும் நாட்டிலும், 2002 ஆம் ஆண்டின் மகவேற்பு மற்றும் சிறுவர் சட்டத்தின் 83 ஆவது பிரிவின்படி, தகுதி மதிப்பீடு இல்லாமல் மகவேற்பதற்காகப் பிள்ளையைக் கொண்டுவருவது சிறை செல்லக்கூடிய குற்றம். மூன்று மாதத்தில் முடிப்பேன் என்பவர் இவற்றில் ஒன்றையாவது செய்யாமல் முடிக்க வழியில்லை. பிடிபடும் நாளில் அவர் இருக்க மாட்டார், நீங்களும் பிள்ளையுமே விமான நிலையத்தில் நிற்பீர்கள்.

நேர்வழியில் போனால், ஆணையாளர் ஒரு பிள்ளையைக் குறித்து அதன் உடல்நலமும் பின்னணியும் பற்றிய அறிக்கையை அனுப்புவார். இரு நாட்டு அதிகாரிகளும் சம்மதித்த பின் நீங்கள் இருவரும் இங்கே வந்து, பிள்ளையோடு பழகி, நீதிமன்றத்தில் ஒன்றாகத் தோன்ற வேண்டும். கட்டளை கிடைத்ததும் சமவாயத்தின் 23 ஆவது உறுப்புரையின்படி ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கண்ணைப் போலப் பாதுகாத்துக்கொள்ளுங்கள், மற்ற நாடுகள் இந்த மகவேற்பை மறு விசாரணையின்றி ஏற்பது அதை வைத்துத்தான். நீங்கள் இருவரும் பிரித்தானியாவில் வசிக்கும் பிரசைகள் என்பதால், சமவாயத்தின்படி நடந்த மகவேற்பினால் பிள்ளைக்குப் பிரித்தானியப் பிரசாவுரிமை தானாகவே கிடைக்கும். அதன் பிறகும் பிள்ளையின் வளர்ச்சி பற்றிய அறிக்கைகள் இலங்கைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். இவை அனைத்தும் முடிய ஆண்டுகள் செல்லும். உங்கள் ஏக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை, மகள். நாளையே அந்த உள்ளூராட்சி அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி எடுங்கள்.

*

அன்புள்ள அம்மா, நான் வாழைச்சேனையில் இருந்து எழுதுகிறேன். எனக்கு நான்கு பிள்ளைகள், கணவர் மீன்பிடித் தொழில். என் தங்கை கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கிறாள், அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. என் கடைசி மகனை (11 வயது) அவள் கேட்கிறாள். அவன் அங்கே நன்றாகப் படிப்பான், பின்னொரு காலத்தில் எங்களையும் கூப்பிடுவான். சத்தியக்கடதாசி ஒன்று முடித்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

உண்மை இல்லை, சகோதரி. சத்தியக்கடதாசி, நொத்தாரிசு முன் எழுதிய உறுதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், கோயிலில் மடியில் வைத்துக் கொடுத்த சடங்கு ஆகிய எதுவும் மகவேற்பு ஆகாது. அவை எடுத்து வளர்த்தல். எங்கள் ஊர்களில் சின்னம்மாவும் அம்மம்மாவும் வளர்த்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு, அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் எல்லை தாண்டும்போது நீதிமன்றக் கட்டளை ஒன்றே செல்லும். உறவுக்குள் கொடுப்பதாயினும், ஒன்ராறியோ மாகாண அதிகாரியிடம் உங்கள் தங்கை தொடங்கி, இங்கே ஆணையாளரின் வழியேதான் வர வேண்டும். ஒரே ஒரு சலுகை இருக்கிறது: பெற்றவர்களும் மகவேற்போரும் முன்கூட்டித் தொடர்பு கொள்ளக் கூடாது என்ற சமவாயத்தின் விதி, குடும்பத்துக்குள் நடக்கும் மகவேற்புக்குப் பொருந்தாது.

அந்தக் கட்டளை வந்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவனுடைய தாய் அல்லர், பெரியம்மா. கனடாவின் குடிவரவு விதிகள் இதையே கேட்கின்றன. பிள்ளைக்கும் புதிய பெற்றோருக்கும் இடையில் உண்மையான பெற்றோர் பிள்ளை உறவு உருவாகியிருக்க வேண்டும், குடிவரவுப் பயனை முதன்மை நோக்கமாகக் கொண்டு அது செய்யப்பட்டிருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் உள்ள "பின்னொரு காலத்தில் எங்களையும் கூப்பிடுவான்" என்ற வரியை விசா உத்தியோகத்தரிடம் நீங்கள் சொன்னால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதை மறைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்த எண்ணம் உங்கள் மனதில் முதலாவதாக இருக்கிறதா என்று நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சட்டப்படி அவன் உங்களைப் பெற்றோர் என்ற முறையில் கனடாவுக்குக் கூப்பிடவும் முடியாது.

உங்கள் மகனுக்கு 11 வயது. இலங்கைச் சட்டத்தில் 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதம் இல்லாமல் கட்டளை வழங்க முடியாது. இது வெறும் ஒப்பம் அல்ல, நீதிபதி அவனிடமே கேட்பார். உள்நாட்டு வழக்கொன்றில் அதே வயதுப் பையன் ஒருவனை நான் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். புதிதாக வாங்கிய சட்டையின் கழுத்துப் பட்டையில் குண்டூசி இன்னும் இருந்தது, அவன் அதைத் தடவிக்கொண்டே நின்றான். உனக்கு விருப்பமா தம்பி என்று நீதிபதி கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, மெல்லிய குரலில், "விருப்பமில்லையெண்டா அம்மாட கடன் கட்ட ஏலாதா மிஸ்?" என்றான். அந்த விண்ணப்பம் அன்றே மீளப் பெறப்பட்டது. அந்தத் தாய் கெட்டவள் அல்ல, கடனில் மூழ்கியிருந்தவள். நுண்கடன் கம்பனிக்காரர் வாரந்தோறும் வாசலில் வந்து நின்றதைத் தவிர, பிள்ளையைக் கொடுக்க அவளிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

ஆகவே மகனை உட்கார வைத்து, தங்கையும் நீங்களும் தொலைபேசியில் இல்லாத ஒரு வேளையில், தந்தை மட்டும் கேட்கட்டும். அவன் போக விரும்புகிறான், தங்கையும் அவனைப் பெற்ற பிள்ளையாகவே எண்ணுகிறாள் என்றால், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். படிப்புத்தான் காரணம் என்றால், தங்கை அங்கிருந்து மாதம் ஒரு தொகையை அவன் பெயரில் அனுப்பலாம். அதற்கு எந்த நீதிமன்றமும் தேவையில்லை.

*

நான் திருக்கோவிலைச் சேர்ந்தவள், வயது 68. என் மகனும் மருமகளும் இறந்துவிட்டார்கள். 15 வயதுப் பேரனை நான்தான் பார்க்கிறேன். எனக்குச் சுகமில்லை. இளைய மகன் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையோடு இருக்கிறான். அவன் பேரனைத் தத்தெடுக்கலாமா?

அம்மா, உங்கள் பேரனுக்கு 14 வயது கடந்துவிட்டதால் இலங்கைச் சட்டப்படி மகவேற்க முடியாது. ஆனால் மகவேற்பு இல்லாமலே அவனைக் கூப்பிட ஒரு வழி உண்டு. தாயும் தந்தையும் இருவருமே இறந்துவிட்ட, 18 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத சகோதரனையோ சகோதரியையோ, உடன்பிறந்தோரின் பிள்ளையையோ, பேரப்பிள்ளையையோ குடும்ப வகுப்பில் பொறுப்பேற்றுக் கூப்பிடக் கனடாவின் குடிவரவு விதிகள் இடம் தருகின்றன. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரும் இதைச் செய்யலாம். இரத்த உறவாகவோ மகவேற்பால் வந்த உறவாகவோ இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. உங்கள் இளைய மகன் பையனுக்குச் சித்தப்பா ஆகையால் அது பொருந்தும். பெற்றோரில் ஒருவர் காணாமற்போனவர் என்றாலோ பிரிந்து சென்றவர் என்றாலோ இது பொருந்தாது, இருவரும் இறந்திருக்க வேண்டும்.

இரண்டு மரணச் சான்றிதழ்கள், பையனின் பிறப்புச் சான்றிதழ், இறந்த மகனும் கனடாவில் உள்ள மகனும் உடன்பிறந்தோர் என்பதைக் காட்டும் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இடப்பெயர்விலோ பேரலையிலோ பத்திரங்கள் அழிந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கேட்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இங்கேயே திருத்திவிடுங்கள். 18 வயதாகும் வரை காலம் இருக்கிறது என்று எண்ணிப் பொறுக்க வேண்டாம்.

*

நான் கத்தாரில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மனைவி செட்டிபாளையத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார். நாங்கள் பிள்ளை ஒன்றை மகவேற்க விரும்புகிறோம். நானும் வெளிநாட்டவர் கணக்கிலா?

தம்பி, ஒப்பந்த விசாவில் உழைக்கச் சென்றவரின் வீடும் குடும்பமும் செட்டிபாளையத்தில் இருக்கும்போது, உங்கள் வழமையான வதிவிடம் இலங்கை என்று காட்டுவதில் பெரிய தடை இராது. உள்நாட்டு விண்ணப்பமாக, கிழக்கு மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் மனைவி விவரம் கேட்கலாம். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும், உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளிலும் நீதிமன்ற நாளிலும் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். விடுமுறையை அதற்கேற்ப ஒதுக்குங்கள்.

பின்னர் மனைவியையும் பிள்ளையையும் கத்தாருக்கு அழைக்கும் எண்ணம் இருந்தால் அதை உத்தியோகத்தரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வளைகுடா நாடுகளின் குடும்பச் சட்டம் இஸ்லாமியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அது மகவேற்பை எங்கள் சட்டம் பார்ப்பதுபோலப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு அங்கே வதிவிட அனுமதி கிடைக்குமா என்பதை உங்கள் நிறுவனத்திடமும் தூதரகத்திடமும் எழுத்தில் கேட்டு அறிந்த பிறகே முடிவெடுங்கள்.

*

வணக்கம் அம்மா. நாங்கள் சுவிற்சர்லாந்தில் வசிக்கும் மட்டக்களப்புக் குடும்பம். எங்கள் மகளுக்கு இப்போது 9 வயது. கைக்குழந்தையாக இலங்கையில் சட்டப்படி மகவேற்று அழைத்து வந்தோம். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இம்முறை மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்தபோது, ஓர் உறவுக்காரப் பெண் அவள் முன்னாலேயே, "இவள் என்ன குடி?" என்று குலப் பிரிவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். மகள் அன்றிரவு, குடி என்றால் என்ன அம்மா என்று கேட்டாள். மாமியார், பெரிய பிள்ளையாகும் வரை சொல்லக் கூடாது என்கிறார். எப்போது சொல்வது?

மகள், இப்போதே சொல்லுங்கள். அடுத்த தீர்த்தம் வரை பொறுக்க வேண்டாம்.

முதலில் சட்டம். நீங்கள் வசிக்கும் நாட்டின் குடியியல் சட்டக்கோவை, மகவேற்கப்பட்ட பிள்ளைக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்த உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்குக் கடமை விதிக்கிறது. 18 வயதானதும் தன்னைப் பெற்றவர்களின் விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை அவளுக்கு உண்டு. ஆகவே நீங்கள் சொல்லாவிட்டாலும் ஓர் அரச அலுவலகம் அவளுக்குச் சொல்லும். யார் வாயால் அவள் கேட்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு, ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு ஒரு கிராமத்துக்குச் சென்றேன். 1980களில் கைக்குழந்தையாகக் கொண்டு செல்லப்பட்டவர். வெளிநாட்டவருக்கு விற்பதற்காகக் குழந்தைகளைத் திரட்டி வைத்து, அந்தக் காலத்தில் இலங்கையில் இயங்கிய குழந்தைப் பண்ணைகளைப் பற்றி வாசகர்கள் அறிவீர்கள். 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று அதை வெளிக்கொண்டு வந்தது. 2020 டிசம்பரில் சுவிற்சர்லாந்து அரசு தன் அதிகாரிகளின் தவறுகளை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அப்பெண்ணிடம் இருந்தது ஒரே ஒரு பிறப்புச் சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள், மடித்த இடங்களில் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதில் தாயென்று எழுதப்பட்டிருந்த பெயரோடு அந்த ஊரில் ஒரு மூதாட்டி உண்மையாகவே இருந்தார். எங்களைத் திண்ணையில் இருத்தி, இளநீர் வெட்டித் தந்து, சான்றிதழை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, அது தன் பெயர்தான், ஆனால் அந்த ஆண்டில் தான் பிள்ளை பெறவில்லை, யாரோ தன் அடையாள அட்டையை வாங்கிச் சென்றது மட்டும் நினைவிருக்கிறது என்றார். அந்தப் பெண் அழவில்லை. மூதாட்டியின் கையிலிருந்த சுருக்கங்களைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் என்னிடம் அவர் சொன்னது இதுதான்: வளர்த்தவர்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் 30 வயது வரை என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் மகளின் நிலை அதுவல்ல. உங்களிடம் உண்மையான கோப்பு இருக்கிறது. பிள்ளையின் தோற்றம் பற்றிய விவரங்களை இரு நாட்டு அதிகாரிகளும் பாதுகாக்க வேண்டும் என்று சமவாயமே சொல்கிறது. அந்த வகையில் அவளுக்கு நீங்கள் கொடுத்த முதற் சொத்து அதுதான். நெதர்லாந்து வெளிநாட்டு மகவேற்பை 2021 இல் இடைநிறுத்தி 2024 இல் படிப்படியாக முடிக்கத் தீர்மானித்தது, டென்மார்க்கின் ஒரே முகவர் நிறுவனம் 2024 ஜனவரியில் நிறுத்தியது, நீங்கள் வாழும் நாட்டின் அரசும் 2025 ஜனவரியில் வெளிநாட்டு மகவேற்பைத் தடைசெய்யும் எண்ணத்தை அறிவித்தது. இவற்றைப் பற்றி அவள் பள்ளியிலோ செய்தியிலோ கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தன் கதை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். பெரிய சபை கூட்ட வேண்டாம். நீங்கள் தலை வாரிவிடும் வேளையோ, படுக்கப் போகும் வேளையோ போதும். "உன்னை வேறொரு அம்மா வயிற்றில் சுமந்தாள், அவளால் வளர்க்க முடியவில்லை, நாங்கள் கேட்டு வந்து உன்னை வாங்கினோம்" என்று சொன்னால், "வாங்கினோம்" என்ற சொல் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கடையை நினைவுபடுத்தும். "நீதிமன்றத்தில் எங்களைப் பெற்றோராக்கினார்கள்" என்று சொல்லுங்கள். பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள், புகழ்ந்து கதை கட்டவும் வேண்டாம். கோப்பில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள், இல்லாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அவள் ஒன்றும் கேட்காமல் விளையாடப் போய்விடலாம். ஒரு மாதம் கழித்து, வாகனத்தில் போகும்போது திடீரென்று கேட்பாள். அப்போதும் அதே குரலில் பதில் சொல்லுங்கள்.

குடியைப் பற்றி. மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது என்பதை அந்த உறவுக்காரப் பெண்ணும் அறிவார், அதனால்தான் அந்தக் கேள்வியில் அவ்வளவு கூர்மை. கோயில் உரிமைகளில் குடி பார்க்கும் வழக்கம் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறது. சட்டம் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆனால் மகவேற்புக் கட்டளையின்படி அவள் உங்கள் திருமணத்தில் பிறந்த பிள்ளையாகவே கொள்ளப்படுகிறாள், அவளுடைய தாய் நீங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் உங்கள் குடியின் பெயரைச் சொல்லுங்கள், மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள். மாமியாரிடம் கணவர் கதைக்கட்டும், அது மருமகள் கதைக்க வேண்டிய கதை அல்ல. அவர் பேத்திக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியவர், நாளை அவளே தன் வாயால் "அப்பம்மா, எனக்குத் தெரியும்" என்று சொன்னால் இளகிவிடுவார்.

மகள் கேட்ட கேள்விக்கு இன்றிரவே பதில் சொல்லத் தொடங்கலாம். குடி என்றால் என்ன அம்மா என்று கேட்டாளே, அதிலிருந்தே தொடங்குங்கள்.